ஜெயித்தால் எங்கிருந்து வரும்?

கேஸ் கட்டோடு புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தால், அவர் சொல்வதை முழுசாகக் கேட்ட பிறகு நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "நாம ஜெயிச்சா, அந்தப் பணம் எங்கிருந்துங்க வரும்?" நிலத் தகராறு என்றால் கேள்வி கொஞ்சம் மாறும்: "டிகிரி வந்த மறுநாள் அந்த இடத்துல யாருங்க இருப்பாங்க?" (டிகிரி என்றால் கோர்ட்டின் தீர்ப்பாணை.) பலருக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. நியாயம் யார் பக்கம் என்று சொல்லத்தானே வக்கீல் என்பது போலப் பார்ப்பார்கள். நியாயம் பெரும்பாலும் அவர்கள் பக்கம்தான் இருக்கும். அதைத் தீர்ப்பாக வாங்குவது ஒரு வேலை. தீர்ப்பைக் கைக்காசாகவோ காலடி மண்ணாகவோ மாற்றுவது அதைவிடக் கடினமான இன்னொரு வேலை. இரண்டையும் சேர்த்து யோசிக்காமல் பிராது எழுத உட்காரக் கூடாது என்பது என் கட்சி.

திருப்பூரில் சிவில் பிராக்டிஸ் செய்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் ஒரு பாதி பனியன் தொழிலைச் சுற்றியவர்கள்: நிட்டிங், டையிங், பிரிண்டிங், பவர் டேபிள், நூல் வியாபாரம். மறுபாதி அவிநாசி, பல்லடம், காங்கேயம் பக்கத்துக் குடும்பங்கள்: பாகப் பிரிவினை, வழித்தடம், கிரய ஒப்பந்தம், புரோநோட்டு. கீழே வரும் கட்சிக்காரர்களை யாரும் அடையாளம் காணாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

இந்தியாவில் வழக்காடுகிறவரின் சிரமம் டிகிரி கிடைத்த பிறகுதான் ஆரம்பிக்கிறது என்று 1872-லேயே, அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. நிறைவேற்றல் மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் உத்தரவு போட வேண்டியிருந்தது என்றால் நிலைமை எப்படி என்று புரிந்துகொள்ளலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் டிகிரியை நிறைவேற்றுவதைப் பற்றிய ஆர்டர் 21-ல் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட விதிகள். ஈ.பி. என்கிற நிறைவேற்றல் மனுவைப் போட்டு, சொத்தைத் தேடி, ஜப்தி செய்து, ஏலம் விட்டு, நடுவில் யாராவது "இது என் சொத்து" என்று ஆட்சேப மனு போட்டு, அதையும் தாண்டி வர வேண்டும்.

அதனால் நான் கட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறேன். எதிராளி சட்டப்படி யார் என்பதை முதலில் பார்ப்பேன். ஜிஎஸ்டி இணையதளத்தில் அவர் பில்லில் உள்ள எண்ணைப் போட்டால் தனி உரிமையாளரா, பங்குதாரர் நிறுவனமா, பிரைவேட் லிமிடெட்டா என்று காட்டிவிடும். தனி உரிமையாளர் என்றால் அவருடைய சொந்தச் சொத்துவரை போகலாம். பங்குதாரர் நிறுவனம் என்றால் பங்குதாரர்களும் பொறுப்பு. பிரைவேட் லிமிடெட் என்றால், தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்து இல்லாதவரை, கம்பெனியின் சொத்தோடு சரி. டைரக்டர் என்ன கார் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் நமக்கு உதவாது. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அந்தக் கம்பெனியின் மெஷின்மீதும் கட்டடத்தின்மீதும் எந்த பேங்குக்கு அடமானம் பதிவாகியிருக்கிறது என்று தெரியும். நிலத்துக்குப் பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கம் பார்த்துவிடலாம். இதைப் பார்த்த பிறகு சிலரிடம், "கேஸ் போடாதீங்க, போட்டாலும் கிடைக்கப் போறதில்ல" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர்களுக்கு அன்று வருத்தம்தான். கோர்ட் பீஸும் வருஷங்களும் அவர்களிடமே இருக்கின்றன.

எதிராளி சொத்தை விற்றுவிட்டு ஒதுங்கப் பார்க்கிறார் என்று காட்ட முடிந்தால், தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்க ஆர்டர் 38-ல் வழி உண்டு. ஆனால் "பணம் தரவில்லை" என்பது மட்டும் போதாது. டிகிரியைப் பலனில்லாமல் ஆக்கும் நோக்கம் இருக்கிறது என்று கோர்ட்டுக்குத் தெரிய வேண்டும். பத்திரம் எழுதப் பேச்சு நடக்கிறது, மெஷினை ஏற்றுகிறார்கள், ஷெட்டைக் காலி செய்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் இருந்தால் அன்றைக்கே ஓடி வாருங்கள் என்பேன்.

தொழில் வழக்கு ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நிட்டிங் யூனிட் வைத்திருக்கும் ஒரு தம்பதி. அவர் மெஷினைப் பார்த்துக்கொள்வார், மனைவி கணக்கு. எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்று நூலைக் கொடுக்கும், இவர்கள் துணியாக ஓட்டித் திருப்பிக் கொடுப்பார்கள், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. பாக்கி 18 லட்சம் சொச்சம். கேட்கப் போனபோது கம்பெனி ஒரு டெபிட் நோட்டை நீட்டியது: துணியில் ஓட்டை, நீடில் லைன், லைக்ரா கட், அதனால் ஷிப்மெண்ட் தாமதம், ஆகவே உங்கள் பாக்கியில் பாதி போச்சு.

"ஏனுங்க மேடம், அப்பவே சொல்லியிருந்தா நாங்க பார்த்திருக்க மாட்டமுங்களா? ஆறு மாசம் களிச்சு வந்து ஓட்டைங்கறாங்க" என்றார் அந்த அம்மா.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் கேஸின் உயிர் இருந்தது. குறு, சிறு தொழில்களுக்கான 2006-ஆம் வருஷச் சட்டத்தில், சரக்கோ வேலையோ போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வரவில்லை என்றால், வாங்கியவர் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தைத் தள்ளிப்போட முடியாது. அதற்கு மேல் போனால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக ஏறும். சரக்கை வாங்கியவர் அந்த வட்டியை வருமான வரியில் செலவாகவும் காட்ட முடியாது. இதெல்லாம் குறு, சிறு தொழிலுக்கான உதயம் பதிவு இருந்தால்தான் பேச்சு. அந்தப் பதிவு சரக்கு அனுப்பும் முன்பே இருக்க வேண்டும். தகராறு வந்த பிறகு பதிவு எடுத்து பழைய பில்லுக்கெல்லாம் வட்டி கேட்டால், கேஸின் பாதி நேரம் அந்த வாதத்திலேயே போய்விடும். இந்தத் தம்பதி ஆரம்பத்திலேயே எடுத்து வைத்திருந்தார்கள்.

ஒரு சாயந்திரம் முழுக்க அந்த அம்மாவும் என் ஜூனியரும் நானும் தரையில் உட்கார்ந்து டெலிவரி சலானையும் பில்லையும் ஜோடி சேர்த்தோம். ஒவ்வொரு சலானிலும் எதிராளி கம்பெனியின் ஸ்டோரில் யார் வாங்கினார், கையெழுத்தா, வெறும் சீலா, தேதி உண்டா என்று பார்த்தோம். ஏழெட்டு சலானில் சீல் மட்டும்தான், கையெழுத்தில்லை. அதே நாளில் வண்டி போனதற்கான இ-வே பில் இருந்ததா என்று தேடினோம். சிலவற்றுக்கு இருந்தது. மீதிக்கு, "ரோல் வந்துருச்சு" என்று அந்த ஸ்டோர்காரர் போட்ட வாட்ஸ்அப் இருந்தது.

வாட்ஸ்அப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கிரீன்ஷாட்டை பிரிண்ட் எடுத்து நீட்டினால் ஆதாரம் ஆகாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவில் சொல்லியிருக்கும் சான்றிதழ் கூடவே வேண்டும். அதில் ஒரு பகுதியைச் சாதனத்தைக் கையாண்டவரும் இன்னொரு பகுதியை நிபுணரும் கையெழுத்திட வேண்டும். ஆகவே போனை மாற்றும்போது பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். சாட்டை அழிக்காதீர்கள். உங்களுக்குப் பாதகமான வரி இருந்தாலும் அழிக்காதீர்கள். அதே வரி எதிராளி போனிலும் இருக்கிறது.

அந்தக் கடைசி லாட் துணி இன்னும் அவர்கள் ஷெட்டிலேயே கிடந்தது. "கொண்டு போய்க் குடுத்தரலாமுங்களா, இல்ல வெச்சுக்கறதுங்களா?" என்று அந்த அம்மாவின் கணவர் கேட்டார். ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவுப்படி, ஒரு பொருளின்மேல் உழைப்பைப் போட்டவர் அந்த வேலைக்கான கூலி வரும்வரை அந்தப் பொருளை நிறுத்தி வைக்கலாம். அந்த லாட்டின் கூலிக்கு மட்டும்தான் இது பொருந்தும். பழைய பாக்கிக்காகப் புதுத் துணியைப் பிடித்து வைத்தால், நியாயம் நம் பக்கம் இருந்தும் போலீஸ் புகாருக்கு நாமே வழி விட்டுக் கொடுத்ததாகிவிடும். அந்த லாட்டை மட்டும் நிறுத்தி வைத்திருப்பதை எழுத்தில் எதிராளிக்குத் தெரிவித்து, அந்த லாட்டின் கூலியைக் கட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னோம். மூன்றாம் நாள் பணம் வந்தது, துணி போனது.

அந்த 2006 சட்டப்படி பாக்கித் தகராறுகளை விசாரிக்கும், கோயம்புத்தூரில் இருக்கும் வசூல் கவுன்சிலுக்குப் போவதா, கமர்ஷியல் கோர்ட்டா என்று உட்கார்ந்து பேசினோம். கவுன்சிலில் சாதகம் பெரியது: அங்கே உத்தரவு வந்தால் அதை எதிர்க்க நினைக்கும் எதிராளி 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் வாதாட முடியும். ஆனால் இவர்களுக்கு அந்தக் கம்பெனியின் ஆர்டர் மறுபடியும் வேண்டும். ஊர் சின்னது, தொழில் ஒருவரை ஒருவர் நம்பித்தான் ஓடுகிறது. கமர்ஷியல் வழக்கு 3 லட்சத்துக்கு மேல் என்றால், அவசர இடைக்கால உத்தரவு தேவைப்படும் கேஸைத் தவிர, முதலில் மத்தியஸ்தத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். மத்தியஸ்தத்தில் போகும் காலம், வழக்குப் போடுவதற்கான காலவரையறையில் சேராது. அங்கே எட்டப்படும் உடன்பாட்டுக்கு நடுவர் தீர்ப்பின் வலு உண்டு, நேராக நிறைவேற்றலுக்கே போகலாம். அந்த வழியைத் தேர்ந்தெடுத்தோம்.

நான் அனுப்பிய நோட்டீஸில் கோபமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. பில் வாரியாக, தேதி வாரியாக ஓர் அட்டவணை, கடைசிப் பத்தியில் இன்றைய தேதிவரை ஏறியிருக்கும் கூட்டு வட்டி. அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் கம்பெனியின் கணக்காளர் போன் செய்தார். அசல் முழுசாக ஆறு தவணையில், வட்டியில் ஒரு பங்கு மட்டும், டெபிட் நோட்டு ரத்து என்று முடிந்தது. ஒரு தவணை தவறினாலும் மிச்சம் முழுதும் முழு வட்டியோடு உடனே கட்ட வேண்டும் என்ற வரியை நான் விட்டுக்கொடுக்கவில்லை. தவணை வெள்ளிக்கிழமை வர வேண்டும் என்று அந்த அம்மா சேர்க்கச் சொன்னார். சனிக்கிழமை சாயந்திரம் ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும்.

தொழில் செய்கிறவர்கள் தகராறு வரும் முன்பே கவனிக்க வேண்டியவை சில உண்டு. பங்குதாரர் நிறுவனத்தைப் பதிவு செய்யாமல் ஓட்டுகிறவர்கள் இன்னும் நிறையப் பேர். பதிவில்லாத நிறுவனம் ஒப்பந்த உரிமைக்காக வெளியாள்மீது வழக்கே போட முடியாது என்று 1932 பங்குதாரர் சட்டத்தின் 69-ஆவது பிரிவு சொல்கிறது. கடன் வசூலுக்கு மூன்று வருஷம் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தத் தேதியிலிருந்து மூன்று வருஷம் என்பதில்தான் இடறுகிறார்கள். "ரன்னிங் அக்கவுண்ட்தான, கடைசியாப் பணம் வந்த தேதில இருந்து கணக்கு" என்று எல்லா பில்லுக்கும் நம்பியிருக்கக் கூடாது. மார்ச் கடைசியில் கணக்கு முடிக்கும்போது பாக்கியை ஒப்புக்கொண்டு எதிராளி கையெழுத்திட்ட ஒரு தாளை வாங்கி வைத்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருஷம் ஓடும். காலம் முடிவதற்கு முன்பே வாங்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

சம்மன் வாங்கியவர்களுக்கு ஒன்று. அமீனா வந்தால் வீட்டில் ஆளில்லை என்று சொல்லச் சொல்வதால் எந்த லாபமும் இல்லை. பிராதுக்குப் பதிலாகக் கொடுக்கும் எதிருரைக்கு 30 நாள், கோர்ட் அனுமதித்தால் 90 நாள்வரை. கமர்ஷியல் வழக்கில் 120 நாள் தாண்டினால் எதிருரை தாக்கல் செய்யும் உரிமையே போய்விடும். நீங்கள் ஆஜராகாமலே எக்ஸ்பார்ட்டி டிகிரி ஆகிவிட்டால் ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான். அசலே வாங்காத கடனுக்கு எக்ஸ்பார்ட்டி டிகிரியாகி, வீடு ஏலத்துக்கு வந்த பிறகு ஓடி வருகிறவர்களைப் பார்த்தால் மனம் ஆறுவதில்லை.

பீஸைப் பற்றியும் திறந்து பேசிவிடுவேன். "வர்ற பணத்துல பத்து பர்சென்ட் எடுத்துக்குங்க" என்று தொழில்காரர்கள் சகஜமாகச் சொல்வார்கள். வழக்கின் பலனில் வக்கீல் பங்கு கேட்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அது நல்ல விதி என்றே நினைக்கிறேன். எனக்குப் பங்கு இருந்தால், சமாதானம் பேசலாம் என்று மனதாரச் சொல்ல முடியுமா? தமிழ்நாட்டில் பண வழக்குக்கான கோர்ட் பீஸ் 2017-ல் ஏழரை சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. வழக்குப் போட்ட பிறகு வெளியில் பேசி முடித்தாலும் அந்த பீஸ் திரும்பக் கிடைக்கும் என்று சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை 2021-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பலருக்கு இது தெரியாததால் கட்டிய பணத்துக்காகவே வழக்கை இழுக்கிறார்கள். இன்னொன்று: இரண்டு பங்குதாரர்களுக்குமாக நான் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால், அவர்கள் பிரியும்போது எந்தப் பக்கமும் நிற்க மாட்டேன். இருவருடைய கணக்கும் ரகசியமும் எனக்குத் தெரியும்.

குடும்ப வழக்குகள் வேறு மாதிரி. தொழில்காரர் நஷ்டத்தை எண்ணால் சொல்வார், எண்ணோடு முடித்துக்கொள்வார். அண்ணன் தம்பிமீது வழக்குப் போட வரும் ஒரு பெண்ணுக்கு நஷ்டம் எண்ணில் இல்லை. காங்கேயம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவை நினைத்துச் சொல்கிறேன். பூர்வீக நிலம் ஆறு ஏக்கர். அம்மா முன்பே தவறிவிட்டார். அப்பா 2012-ல் இரண்டு மகன்கள் பேருக்கும் முழு நிலத்தையும் தான செட்டில்மெண்ட் எழுதிவிட்டு 2014-ல் இறந்தார். பட்டாவும் அவர்கள் பேருக்கு மாறிவிட்டது. "பட்டாவே அவிங்க பேர்ல ஆயிருச்சுங்க, இனி என்னத்த இருக்குது" என்றுதான் உட்கார்ந்தார்.

பட்டா வருவாய்த்துறையின் கணக்கு. உரிமையைத் தீர்மானிப்பது பத்திரமும் வாரிசுச் சட்டமும். இவர் 1985-ல் கல்யாணமானவர். மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்த 1989-ஆம் வருஷத் தமிழ்நாட்டுச் சட்டம், அப்போதே கல்யாணமாகியிருந்த பெண்களை விட்டுவிட்டது. 2005 செப்டம்பர் 9-ல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் அந்த வித்தியாசத்தை வைக்கவில்லை. 2020-ல் வினீதா சர்மா வழக்கில், மகளின் உரிமை பிறப்பிலேயே வருவது, தந்தை 2005-ல் உயிரோடு இருந்தாரா என்ற கேள்வியே இல்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகம் ஆகியிருந்தால் மட்டும் தொட முடியாது. அப்படி எதுவும் வில்லங்கத்தில் இல்லை.

ஆனால் நிலம் பூர்வீகம் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். "எல்லாருக்குந் தெரியுமுங்க, அது எங்கப்பாரய்யன் நெலம்" என்றால் கோர்ட் கேட்காது. சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடி, அவருடைய தாத்தாவும் சகோதரர்களும் செய்துகொண்ட பாகப் பிரிவினைப் பத்திரத்தின் நகலை எடுத்தோம். வழக்குக்கே அஸ்திவாரம் அந்தத் தாள்தான். பூர்வீகம் என்று நிலைத்தால், பிரிபடாத பங்கைத் தனக்குத் தோன்றியவருக்குத் தானம் எழுத அப்பாவுக்கு அதிகாரமில்லை. மகளுக்கு மூன்றில் ஒரு பங்கு.

அண்ணன்மார் ரொக்கம் தரத் தயாராக இருந்தார்கள், தொகையும் மோசமில்லை. நான் அவரைத் தனியாக உட்கார வைத்து, வழக்கு எத்தனை வருஷம் இழுக்கலாம், யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதனிலைத் தீர்ப்பாணைக்குப் பிறகு, நிலத்தைப் பிரித்துக் கொடுக்கும் இறுதித் தீர்ப்பாணை என்று இன்னொரு சுற்று உண்டு என்பதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "பணம் வேண்டாமுங்க. கெணத்தோரமா ரெண்டு ஏக்கரா என்ற பேர்ல இருக்கோணும். நான் பொறந்த ஊருங்க அது" என்றார். அதற்குமேல் வாங்கச் சொல்லி வற்புறுத்துவது என் வேலையல்ல. எதைக் கேட்டுப் போராடுவது என்பதைக் கட்சிக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும், விலை என்ன என்பதை நான் மறைக்காமல் சொல்லிவிட்டால் போதும்.

கூண்டேறுவதை நினைத்துப் பயந்தார். குறுக்கு விசாரணைக்கு முன்னால் நான் யாருக்கும் பதிலைச் சொல்லிக் கொடுப்பதில்லை. கேள்வியை முழுசாகக் கேளுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், அண்ணனைத் திட்டாதீர்கள். இவ்வளவுதான் சொன்னேன். "உங்க கல்யாணத்துக்கு நகை போட்டாங்கல்ல?" என்று எதிர் வக்கீல் கேட்டார். "போட்டாங்க" என்றார். மழுப்பியிருந்தால் மற்ற பதில்களும் சந்தேகத்துக்கு இடமாகியிருக்கும்.

முதனிலைத் தீர்ப்பாணை வந்ததும் பாதிப் பேர் கட்டை மூடிவிடுவார்கள். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். கோர்ட் நியமித்த அட்வகேட் கமிஷனர் சர்வேயரோடு வந்து அளந்தபோது நான் கூடவே நின்றேன். கொங்கு நாட்டில் இரண்டு ஏக்கர் என்று காகிதத்தில் வாங்கினால் ஆகாது. கிணற்றில் பாத்தியம் எவ்வளவு, மோட்டார் ஓட்டும் முறை எந்த நாள், மின் இணைப்பு யார் பேரில், மாட்டு வண்டியும் டிராக்டரும் போக எத்தனை அடி அகலத்தில் வழித்தடம், பைப்லைன் எந்த வரப்போரம் என்பதெல்லாம் வரைபடத்திலும் அறிக்கையிலும் ஏற வேண்டும். வழித்தடம் எட்டடி போதும் என்றார்கள். நெல்லறுக்கும் மெஷின் உள்ளே வர வேண்டாமா என்று கேட்டுப் பன்னிரண்டடி போட வைத்தோம்.

இறுதித் தீர்ப்பாணையை உரிய முத்திரைத்தாளில் எழுதி வாங்கினோம். அது இல்லாமல் அந்தத் தீர்ப்பாணையை நிறைவேற்ற முடியாது. பிறகு அதைப் பதிவு செய்து, தாலுகா ஆபீஸில் உட்பிரிவுக்கு மனுக் கொடுத்து, நில அளவை வரைபடமான எஃப்எம்பி-யில் கோடு விழுந்து, அந்த அம்மாவின் பேருக்குத் தனிப் பட்டா வந்தது. அதன் நகலைக் கட்டில் வைத்த பிறகுதான் குமாஸ்தாவிடம் அந்தக் கேஸை முடித்ததாகப் பதிவேட்டில் எழுதச் சொன்னேன்.